மழை பிறக்கும் எல்லைக்கோடு

1998 ஜனவரி 5. கனடாவின் மாண்ட்ரியால் நகரிலும் அதற்குத் தெற்கே உள்ள சிற்றூர்களிலும் மழை தூறத் தொடங்கியது. ஜனவரியில் அந்தப் பக்கம் பெரும்பாலும் பனிதான் கொட்டும். பெய்த மழை வடிந்து ஓடவும் இல்லை. மின்கம்பி, மரக்கிளை, மாடிப்படிக் கைப்பிடி, தெருவில் நின்ற கார் என்று எதன்மேல் பட்டதோ அதன்மேலேயே உறைந்து ஒட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஐந்தாறு நாட்கள் இதே கதை. சில இடங்களில் மொத்தம் 10 செ.மீ. வரை பெய்தது. ஐப்பசி அடைமழை பார்த்த நமக்கு 10 செ.மீ. ஒரு கணக்கே இல்லை. ஆனால் விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே கட்டியாக நின்றால்? பாரம் தாங்காமல் உயர் அழுத்த மின்கோபுரங்கள் வரிசையாக மடங்கின. மரக் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உறைகுளிரில் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள். ராணுவம் வந்தது. சில ஊர்களில் விளக்கு எரிய ஒரு மாதம் பிடித்தது. மாண்ட்ரியாலில் அப்போதே ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்கள் குடியேறியிருந்தார்கள்; யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத ஆண்டுகளைக் கடந்து வந்தவர்களுக்கு இருட்டு பழகியதுதான், குளிர்தான் புதிது.

இத்தனைக்கும் அங்கே பெரும்புயல் எதுவும் அடிக்கவில்லை. செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆர்க்டிக் குளிர்காற்று தாழ்வாகத் தேங்கிக் கிடந்தது. தெற்கே மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து ஈரமும் வெதுவெதுப்புமாக ஒரு காற்று வந்தது. குளிர்காற்று கனமானது, இடத்தை விட்டு நகரவில்லை. வந்த காற்று அதன் முதுகில் ஏறிக்கொண்டது. உயரத்தில் பனியாகப் பிறந்த துகள், நடுவில் இருந்த வெப்ப அடுக்கில் உருகி மழைத்துளியானது. கீழே இருந்த குளிர் அடுக்கில் விழும்போது பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே குளிர்ந்தது. உறைவதற்கு மட்டும் அவகாசம் கிடைக்கவில்லை. எதையாவது தொட்ட கணத்தில் உறைந்தது. கீழ் அடுக்கு இன்னும் தடிமனாக இருந்திருந்தால் வழியிலேயே உறைந்து சின்னச் சின்னப் பனிமணிகளாக உருண்டு ஓடியிருக்கும். நடு அடுக்கு இல்லாமல் இருந்திருந்தால் வழக்கமான பனிப்பொழிவு. ஊர் வழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கும். சில நூறு மீட்டர் தடிமன் வித்தியாசம்தான் ஒரு மாகாணத்தையே முடக்கிப்போட்டது.

மழைக்கு மேகம் காரணம் என்கிறோம். மேகத்துக்கு யார் காரணம் என்று கேட்டால், உலகின் பல இடங்களில் பதில் ஒன்றுதான்: குணம் வேறுபட்ட இரண்டு காற்றுகள் சந்திக்கும் எல்லை. அந்த எல்லை எவ்வளவு நீளம், எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதுதான் என்ன மழை, எத்தனை மணி நேரம் என்பதை எல்லாம் தீர்மானிக்கிறது. வானிலை அறிவிப்பு பலிக்குமா பலிக்காதா என்பதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

பெர்கனில் கண்டுபிடித்தார்கள்

இந்த எல்லைகளை முதலில் தெளிவாகப் பார்த்தவர்கள் நார்வேக்காரர்கள். வயிற்றுப்பாட்டுக்காகப் பார்த்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். முதல் உலகப் போரில் நார்வே சேரவில்லை. ஆனால் தானியக் கப்பல்களின் வரத்து குறைந்து உணவுத் தட்டுப்பாடு வந்துவிட்டது. உள்நாட்டில் விளைந்ததை மழையில் நனையவிடாமல் வீடு சேர்த்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து மேற்கே பிரிட்டனிலிருந்து வந்துகொண்டிருந்த வானிலைத் தந்திகளும் நின்றுபோயின. போர்க்காலத்தில் வானிலை ராணுவ ரகசியம். மேற்கிலிருந்தே மழை வரும் நாட்டுக்கு மேற்குத் திசைத் தகவல் இல்லை என்றால், கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் பியெர்க்னஸ் 1917-ல் நார்வேயின் பெர்கன் துறைமுக நகருக்கு வந்து சேர்ந்தார். நாளைய வானிலையை இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு கணக்கிட முடியும் என்று 1904-லேயே எழுதியவர். ஆனால் கையால் போடும் கணக்கு முடிவதற்குள் மழை பெய்து ஓய்ந்துவிடுமே! அதனால் வேறு வழியில் இறங்கினார். 1918 கோடையில் மேற்கு நார்வேயின் கடற்கரை நெடுக வானிலை நோக்கும் இடங்களைப் பல மடங்கு பெருக்கினார். கலங்கரை விளக்கக் காவலர்கள், மீனவர்கள், விவசாயிகள் எல்லாம் அதில் சேர்ந்தார்கள். காற்றின் திசை, வெப்பம், அழுத்தம், மேகத்தின் வகை என்று தந்திகள் குவிந்தன.

நெருக்கமாகப் புள்ளி வைத்த அந்த வரைபடங்களில், அதுவரை யார் கண்ணிலும் சரியாகப் படாத ஒன்று தெரிந்தது. காற்றழுத்தத் தாழ்வைச் சுற்றி மழை பரவலாகப் பெய்யவில்லை. கோடு கிழித்ததுபோல் இரண்டு பட்டைகளில் பெய்தது. பட்டையின் ஒருபுறம் காற்று ஒரு திசை, ஒரு வெப்பம், மறுபுறம் வேறு. வில்ஹெல்மின் மகன் யாக்கோப் இதை ஒரு கட்டுரையாக எழுதி 1919-ல் வெளியிட்டார். வெறும் எட்டுப் பக்கம். எழுதும்போது அவருக்கு வயது 21. இன்றைக்கும் ஐரோப்பியத் தொலைக்காட்சிகளில் நீல முக்கோணமும் சிவப்பு அரைவட்டமுமாகக் கோடு போட்டுக் காட்டுகிறார்களே, அதன் வேர் இந்த எட்டுப் பக்கங்களில் இருக்கிறது. நம் பள்ளிப் புத்தகங்கள் அதை வளிமுகம் என்கின்றன.

சைபீரியாவிலோ வட கனடாவிலோ குளிர்காலத்தில் காற்று பல நாட்கள் நகராமல் கிடந்தால் கீழே உள்ள நிலத்தின் குணம் அதற்கு ஒட்டிக்கொள்ளும்: குளிர், வறட்சி, கனம். வெப்பமண்டலக் கடல்மேல் தங்கிய காற்றுக்கு வெதுவெதுப்பும் ஈரமும். ஆயிரம் கி.மீ. அகலத்துக்கு ஏறத்தாழ ஒரே சுபாவம் கொண்ட இவைதான் காற்றுத் திரள்கள். இரண்டு திரள்கள் மோதினால் சட்டென்று கலந்துவிடுவதில்லை. கனமானது அடியில் நிற்கும், லேசானது மேலே ஏறும். ஏறும் காற்று விரிந்து குளிரும், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி வீதம். குளிர்ந்த காற்றால் அத்தனை நீராவியையும் வைத்துக்கொள்ள முடியாது. மிச்சம் மேகமாகிறது.

அந்த ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்பதில்தான் மேகத்தின் வடிவம் இருக்கிறது. வெப்பக் காற்று முன்னேறி வந்தால், பின்வாங்கும் குளிர்காற்றின் மேல் மிகச் சாய்வாக ஏறுகிறது. 100 முதல் 200 கி.மீ. தூரம் போனால்தான் 1 கி.மீ. உயரம். அதனால் எல்லையின் தரைமுனை ஊரை எட்டுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே உச்சிவானில் அதன் அடையாளம் வந்துவிடும். முதலில் இழை இழையாகக் கீற்று மேகம். பிறகு வானம் முழுக்க மெல்லிய கீற்றுப்படை மேகம். சூரியனையோ நிலாவையோ சுற்றி ஒளிவட்டம். அடுத்து சாம்பல் நிறத்தில் இடைப்பட்ட படை மேகம். சூரியன் மங்கலான ஒரு பொட்டாகத் தெரியும். கடைசியாகக் கார்படை மேகம் தாழ்ந்து வந்து, இடி மின்னல் எதுவுமில்லாமல், நிதானமாக, மணிக்கணக்கில் நசநசவென்று பெய்யும்.

நிலா கோட்டை கட்டினால் மழை வரும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பெர்கனில் இது நல்ல ஜோசியம். வட்டத்துக்குப் பின்னால் மழை வரிசையில் நிற்கிறது. நம் ஊரில் அந்த வட்டம் பல சமயம் வங்கக் கடலில் எங்கோ தொலைவில் கொட்டித் தீர்த்த இடிமேகத்தின் உச்சியிலிருந்து பறந்து வந்த பனித்துகளால் உண்டாவது. அந்த மேகம் நம்மிடம் வரலாம், ஆந்திராவுக்கும் போகலாம். பலிக்கும்போது பாட்டியைக் கொண்டாடுகிறோம், பலிக்காதபோது மறந்துவிடுகிறோம்.

குளிர்காற்று முன்னேறி வந்தால் கதை வேறு. அதன் முகப்பு செங்குத்தானது. மண்வெட்டி மண்ணைக் கெல்லுவதுபோல வெப்பக் காற்றை அடியோடு தூக்கி எறிகிறது. கார்திரள் மேகம் கோபுரமாக எழும்பும். பலத்த காற்று, இடி, ஆலங்கட்டி, அரை மணியோ ஒரு மணியோ அடித்துப் பெய்யும் மழை. பிறகு வெப்பம் சட்டென்று இறங்கி, கழுவித் துடைத்த நீல வானம். குளிர் முகப்பு வேகமானது என்பதால் முன்னே போகும் வெப்ப முகப்பை ஒரு கட்டத்தில் எட்டிப் பிடித்துவிடும். நடுவில் மாட்டிய வெப்பக் காற்று தரையை விட்டு முழுக்க மேலே போய்விட, தாழ்வு மெல்லச் சாகத் தொடங்கும். இந்தக் கடைசி அத்தியாயத்தைக் கண்டவர் பெர்கன் குழுவில் இருந்த ஸ்வீடன்காரர் தோர் பெர்யரோன்.

பெர்யரோனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேகம் எப்படி மழையாகிறது என்ற கேள்வியிலும் அவர் பெயர் இருக்கிறது. மேகத்துளி ஒன்றின் குறுக்களவு 0.02 மி.மீ. அளவுதான். ஒரு நல்ல மழைத்துளிக்கு அப்படிப் பத்து லட்சம் துளிகள் சேர வேண்டும். யார் சேர்ப்பது? 1922-ல் ஆஸ்லோவுக்கு அருகே ஒரு மலை விடுதியில் தங்கியிருந்தபோது, காட்டுப்பாதையில் மூடுபனியை அவர் கவனித்தார். வெப்பம் பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்த நாட்களில் பனிமூட்டம் மரங்களுக்குள் தரைவரை புகுந்து நின்றது. கடும் குளிரில் மட்டும் பாதையில் மூட்டமே இல்லை. மரக்கிளைகளில் உறைபனி படிந்திருந்தது. காற்றில் மிதந்த நீர்த்துளிகள் ஆவியாகி, அந்த ஆவி கிளையிலிருந்த பனிப் படிகங்களில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. உறைநிலைக்குக் கீழே நீரும் பனியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பனிதான் வளரும், நீர் தேயும். மேகத்துக்குள்ளும் இதுவே நடக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். ஐரோப்பாவில் கோடையில் பெய்யும் மழையில்கூடப் பெரும்பகுதி, உயரத்தில் பனியாகப் பிறந்து வழியில் உருகியதுதான்.

பெர்கன் பாடம் போர்க்களத்துக்கும் போனது. 1944 ஜூன் 5 அன்று நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதாக இருந்தது. அயர்லாந்தின் மேற்குக் கோடியில் பிளாக்சாட் கலங்கரை விளக்கத்திலிருந்து வந்த அழுத்த அளவுகள் வேகமாகச் சரிந்தன. அங்கே அளவெடுத்துக்கொண்டிருந்தவர் மோரீன் ஃப்ளாவின் என்ற இளம்பெண். தன் கையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு அப்போது தெரியாது. படையெடுப்பு தள்ளிவைக்கப்பட்டது. அடுத்து, குளிர் முகப்பு ஒன்று பிளாக்சாடைக் கடந்துவிட்டது என்ற தகவல் வர, முகப்புக்குப் பின்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கும் என்று தலைமை வானிலையாளர் ஜேம்ஸ் ஸ்டாக் படைத் தளபதி ஐசனோவரிடம் சொன்னார். அவருக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் பெர்கனில் பயின்ற ஸ்வெர்ரே பெட்டர்சென். ஜூன் 6 காலை கப்பல்கள் கரை தொட்டன.

நம் வானத்தில் அந்தக் கோடு இல்லை

பள்ளிக்கூடத்தில் வெப்ப வளிமுகம், குளிர் வளிமுகம் என்று படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய தமிழ்நாட்டு மாணவர், வெளியே வந்து வானத்தைப் பார்த்தால் அது எதுவுமே நடக்காது. கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் நடுவே காற்றின் வெப்பத்தில் பெரிய வேற்றுமை கிடையாது. பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பமும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பலவீனம்; அதனால் சூட்டிலும் கனத்திலும் ஏற்படும் வேற்றுமைகள் தேங்கி நிற்காமல் சீக்கிரமே சமனாகிவிடும். பெர்கன் வகை எல்லையின் சாயல் இந்தியாவுக்குக் கிடைப்பது வடக்கில்தான். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து குளிர்காலத்தில் வரும் மேற்கத்திய இடையூறுகள் இமயமலையில் பனியையும் பஞ்சாப் கோதுமைக்கு மழையையும் கொடுக்கின்றன. அவையும் விந்தியத்தைத் தாண்டி நம்மிடம் வருவது அரிது.

அப்படியானால் நமக்கு எல்லையே இல்லையா? இருக்கிறது. அளவுதான் சிறியது. ஜூன், ஜூலை மாதத்துச் சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வரும் மேலைக்காற்று வெயிலில் காய்ந்து நகரத்தைச் சுடும். 38, 39 டிகிரி. நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே நுழையும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அப்பாடா என்று இருக்கும். இந்தக் கடற்காற்றின் முன்விளிம்பு ஒரு குட்டிக் குளிர் வளிமுகம். ஈரமான, கொஞ்சம் குளிர்ந்த கடற்காற்று, காய்ந்த மேலைக்காற்றை முட்டித் தூக்குகிறது. சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002-ல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடாரின் படத்தில் சில நாட்களில் அந்த விளிம்பு கடற்கரைக்கு இணையாக மெல்லிய ஒரு கோடாகத் தெரியும். அந்த விளிம்பில் திரண்டு பறக்கும் பூச்சிகளும் தூசியும்கூட ரேடாரில் எதிரொலிக்கும். கோடு மெல்ல மெல்லத் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கமாக உள்ளே நகரும்.

மாலை மூன்று, நான்கு மணிக்கு அந்தக் கோட்டில் எங்கோ ஓரிடத்தில் ஒரு மேகம் கோபுரமாக எழும்பும். எங்கே என்பதுதான் சிக்கல். ராணிப்பேட்டையாக இருக்கலாம், திருத்தணியாக இருக்கலாம். எழும்பிய மேகத்தை மேலடுக்கு மேலைக்காற்று கிழக்கே சென்னையை நோக்கித் தள்ளும். முதல் மேகம் கொட்டி முடிக்கும்போது அதிலிருந்து குளிர்காற்று தரையில் மோதி நாலாபக்கமும் ஓடும். மழைக்குக் கால் மணி முன்னால் புழுதியைக் கிளப்பி, கதவைச் சாத்தி, துணியைப் பறக்கவிடுகிற காற்று அதுதான். அந்த ஓட்டத்தின் விளிம்பு புதிய எல்லையாகி, இரண்டாவது மேகத்தைப் பிறப்பிக்கும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக இரவு பத்து மணிக்குத் தாம்பரத்தில் கொட்டும்போது ராயபுரத்தில் சொட்டுக்கூட இருக்காது. தென்மேற்குப் பருவமழை சென்னைக்கு இல்லை என்ற பேச்சைப் பலரும் நம்புகிறார்கள். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை நகரம் சராசரியாக 40 செ.மீ.க்கு மேல் மழை பெறுகிறது. பெரும்பாலும் மாலையிலும் இரவிலும், இந்தச் சின்னச் சின்ன எல்லைகளின் புண்ணியத்தில்.

ஐப்பசி, கார்த்திகையில் கடிகாரம் தலைகீழாகிவிடும். கடலிலிருந்து வாடைக்காற்று ஈரத்தோடு வந்துகொண்டே இருக்கும். இரவில் குளிர்ந்த நிலத்திலிருந்து மெல்லிய தரைக்காற்று கடலை நோக்கி ஊரும். இரண்டும் கடற்கரையை ஒட்டி முட்டிக்கொள்ளும். தடையில்லாமல் ஓடிவந்த கடற்காற்று கரையில் மரம், மேடு, கட்டடம் என்று உராய்ந்து வேகம் குறைந்து குவியவும் செய்யும். அதனால்தான் கடலோர மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை பின்னிரவிலும் விடியற்காலையிலும் அதிகம் பெய்கிறது. பள்ளிக்கு விடுமுறையா என்று பெற்றோர் ஆறு மணிக்குத் தொலைக்காட்சியைப் பார்க்க, ஒன்பது மணிக்கு வெயில் அடிக்கும் வேடிக்கையும் இதனால்தான். விடுமுறை விட்ட ஆட்சியரைத் திட்டுவதில் நியாயமில்லை.

எல்லை அசையாமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடி மாவட்டம் அறியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. பெயர் வைத்த புயல் எதுவும் அப்போது கரையைக் கடக்கவில்லை. குமரிக்கடல் பக்கம் வளிமண்டலத்தில் ஒரு சுழற்சி, அவ்வளவுதான். அது நகரவில்லை. கிழக்கிலிருந்து வந்த ஈரக்காற்று ஓயாமல் அதே பகுதியில் குவிந்து மேலெழுந்தது. தென் தமிழ்நாட்டில் காற்று உறைநிலையைத் தொட ஏறத்தாழ 5 கி.மீ. உயரம் போக வேண்டும். அதற்குக் கீழேயே துளியோடு துளி மோதி, ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்து, பெர்யரோனின் பனிக்குக் காத்திருக்காமலே மழை இறங்கிவிடும். மேகம் இன்னும் உயர்ந்தால் பனியும் சேர்ந்துகொள்ளும். தாமிரபரணிக் கரை அன்று பட்ட பாட்டை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

எட்டுப் பக்கக் கட்டுரை எழுதிய யாக்கோப் பியெர்க்னஸ் பின்னாளில் அமெரிக்காவுக்குப் போனார். அவருடைய அடுத்த பெரிய வேலைக்கு நம்மோடு நேரடித் தொடர்பு உண்டு. பசிபிக் கடலின் இரு கரைகளுக்கும் இடையே காற்றழுத்தம் ஊஞ்சலாடுவதைக் கண்டவர் கில்பர்ட் வாக்கர்; இந்திய வானிலைத் துறையின் தலைவராக 1904 முதல் 1924 வரை இருந்தவர், பருவமழை பொய்ப்பதை முன்கூட்டி அறியத் தேடியவர். அந்த ஊசலும், பெருவின் கரையோரம் கடல் சூடேறும் எல் நினோவும் ஒரே இயந்திரத்தின் இரு பகுதிகள் என்று 1969-ல் யாக்கோப் விளக்கினார். எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை குறையப் பார்க்கும். தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையோ கூடப் பார்க்கும். சென்னை மூழ்கிய 2015-ம் காயல்பட்டினத்தின் 2023-ம் எல் நினோ ஆண்டுகள். எல்லா எல் நினோ ஆண்டிலும் வெள்ளம் வரும் என்று இதற்குப் பொருளில்லை. பருவம் முழுதுக்குமான சாய்வை அது சொல்லும். எந்தத் தெருவில் எந்த மாலை என்பதைச் சொல்லாது.

“ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை” என்ற அறிவிப்பை மீம் போட்டுச் சிரிக்கிறோம். லண்டனில் மழை இத்தனை மணிக்கு என்று சொன்னால் பெரும்பாலும் பெய்கிறதே, இங்கே ஏன் முடியவில்லை என்று கேட்கிறோம். லண்டனுக்கு வரும் எல்லை ஆயிரம் கி.மீ. நீளம்; அட்லாண்டிக் கடலில் இரண்டு நாட்களாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நகர்ந்து வருவது. சென்னையின் ஜூலை மாதத்து எல்லை மதியம் பிறந்து நள்ளிரவுக்குள் செத்துப்போகிறது. அது கிளப்பும் தனி மேகத்தின் ஆயுள் ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். காலையில் உட்கார்ந்து அந்த மேகம் திருத்தணியில் எழுமா அரக்கோணத்தில் எழுமா என்று எவராலும் சொல்ல முடியாது. ஓரிரு இடங்கள் என்பது, என்னைக் கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லும் வார்த்தை. அதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் மேகம் ரேடாரில் முளைக்கும்வரை காத்திருக்க வேண்டும். தொலைக்காட்சியின் அடிப்பட்டியில் மாவட்டப் பெயர்களோடு “அடுத்த 3 மணி நேரத்தில்” என்று ஓடுகிறதே, அந்த அறிவிப்பு முளைத்ததைப் பார்த்த பிறகு எழுதப்படுவது.